கிழக்கு ஜன்னல் திரை

வாடகை வீட்டுக்குக் குடிவந்த அன்று சர்வேயர் முதலில் பிரித்த மூட்டையில் பாத்திரம் இல்லை, படுக்கை இல்லை. ஒரு ஜன்னல் திரை இருந்தது. பழுப்பு நிறம், ஓரத்தில் பச்சை இலைகள். சொந்த வீட்டுக் கூடத்து ஜன்னலில் பதினைந்து வருஷம் தொங்கிய திரை. அதைக் கழற்றி, மடித்து, மற்ற எதையும்விடப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். இங்கே அதை ஜன்னலில் மாட்டவில்லை. முன்னறையில், பால்கனிக் கதவுக்கு நேர் எதிரே இருந்த வெறும் சுவரில் மாட்டினார். ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்ததால் ஒட்டுக்கொக்கி வாங்கிவந்து, மட்டம் பார்த்து ஒட்டினார்.

“சுவத்துக்கு எதுக்குப்பா திரை?” என்று மகள் கேட்டாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. “அந்தப் பக்கம் என்ன தெரியுது, மறைக்கறதுக்கு?”

“படம் எடுக்கறதுக்கு” என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. குழந்தையைப் படுக்கவைக்க உள்ளே போனாள்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒத்துப்போகவில்லை. யார் பக்கம் தப்பு என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். நான்கு சுவருக்குள் நடந்தது நான்கு சுவருக்குள்ளேயே இருக்கட்டும். எட்டு மாதக் குழந்தையோடும் ஒரு பெட்டியோடும் அவள் வந்து நின்றபோது சர்வேயர் ஒரு வார்த்தை குறுக்காகக் கேட்கவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தார். மனைவி போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதனால் வெந்நீர் வைக்கத் தெரியும். மறுவாரமே இந்த ஊரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்தும் வேலை அவளுக்குக் கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்பு படித்த படிப்பு கைகொடுத்தது. சர்வேயர் சொந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். தற்காலிகம்தான். எல்லாம் ஒரு வழிக்கு வரும்வரை.

மிச்சம் இருந்தது ஊர் வாய். அதற்காக அவர் இரண்டு வரைபடம் போட்டார். சொந்த வீட்டுத் தெருக்காரர்களிடம், “மக வீட்டுக்குப் போறேன், கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்” என்றார். உறவுக்காரர்களிடம், “மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுல வேலை, மக நம்ம வீட்டுக்கு வந்திருக்கா” என்றார். உறவில் யாரும் அந்தத் தெருவில் இல்லை. தெருவில் யாருக்கும் உறவுக்காரர் எண் தெரியாது. இரண்டு படமும் ஒன்றின்மேல் ஒன்று படாமல் இருந்தால் போதும். முப்பத்துநான்கு வருஷம் அடுத்தவர் எல்லையைக் கல் நட்டுக் காத்தவருக்குத் தன் வீட்டு எல்லையைக் காக்கத் தெரியாதா?

ஆகவே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை எட்டு மணிக்குக் குழந்தை அந்தத் திரைக்கு முன்னால் உட்காரும். சர்வேயர் செல்போனை இரண்டு கையாலும் பிடித்து, தரையில் பதித்த பளபளப்பான கல் தெரியாமல், ஒட்டுக்கொக்கி தெரியாமல், திரையும் குழந்தையும் மட்டும் விழும்படி ஒரு படம் எடுப்பார். குடும்பக் குழுவுக்கு அனுப்புவார். முதல் பல். இரண்டாவது பல். தவழ்ந்தது. எழுந்து நின்றது. எல்லாம் அந்தப் பச்சை இலைக்கு முன்னால்தான். உறவுக்காரர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். ஒரே அக்கா மட்டும், மூன்று வயது மூத்தவள், எந்தப் படத்துக்கும் ஒன்றும் போடமாட்டாள். பார்த்தாள் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழும், அவ்வளவுதான். அவளும் இவரைப்போலவே முதுகு வளையாத ஆள்.

குழந்தைக்குப் பட்டாணி என்று பெயர். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள் என்று மருத்துவமனையில் யாரோ சொன்னது ஒட்டிக்கொண்டுவிட்டது.

மகள் எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு மணி ஆகும். இடையில் இருக்கிற பத்தரை மணி நேரமும் கிழவருக்கும் பட்டாணிக்கும்தான். கஞ்சி, குளியல், தூக்கம், துணி. எதிர் வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஐந்து மாதமாகத் தெரியாது; செருப்பு மட்டும் மாறிமாறிக் கிடக்கும். மத்தியானம் பட்டாணி தூங்கும்போது வீட்டில் சத்தமே இருக்காது. குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை உறுமி அடங்கும். சர்வேயர் அந்த நேரத்தில் செய்தித்தாளை இரண்டாம் முறை படிப்பார். சில நாள் வாய்விட்டுப் படிப்பார், தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறாற்போல.

நாலு மணிக்கு இருவரும் வெளியே கிளம்புவார்கள். போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். தெருமுனையில் பேருந்துகள் வந்து திரும்பும் இடம். அங்கே ஒரு ரொட்டிக்கடை. கடைக்கு முன்னால் நடைபாதையில் ஒரு மரப்பெஞ்சு. அதில் உட்கார்ந்து பேருந்து திரும்புவதைப் பார்க்க வேண்டும். அதுதான் பட்டாணியின் உலகச் சுற்றுலா. பெரிய வண்டி உடம்பைச் சாய்த்து வளைந்து வரும்போது அவள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவாள். சில ஓட்டுநர்கள் அவளுக்காகவே ஒருமுறை ஒலி எழுப்பிவிட்டுப் போவார்கள். எழுப்பாத ஓட்டுநரை அவள் திரும்பிப் பார்த்து முறைப்பாள்.

ரொட்டிக்கடைக்காரர் வாயாடி. முதல் நாள், “புதுசா சார் இந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

“ஒரு மாசம்தான். போயிடுவோம்” என்றார் சர்வேயர், அதோடு பேச்சு முடிந்தது என்கிற குரலில்.

பேச்சு முடியவில்லை. அன்றிலிருந்து அவருக்குப் பெயரே “ஒரு மாசம் சார்” ஆகிவிட்டது.

“வாங்க ஒரு மாசம் சார். அஞ்சாவது ஒரு மாசம் நடக்குதுபோல.”

“பன் ஒண்ணு குடுங்க” என்பார் சர்வேயர். வேறு பதில் கிடையாது. ஒரு ஊரில் காலூன்றக் கூடாது என்று இருக்கிறவன் அந்த ஊர் ஆட்களிடம் சிரித்து வைக்கக் கூடாது. சிரித்தால் அடுத்து ஒரு கேள்வி வரும், அதற்கு அடுத்து இன்னொன்று. பட்டாணிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கடைக்காரரைப் பார்த்தாலே அவள் முகம் மலர்ந்துவிடும்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பதின்மூன்று மாதம் முடிந்திருந்தது. கடைக்காரர் தன் பேரனுக்கு அனுப்புவதற்காகத் திரும்புகிற பேருந்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். குனிந்து, முட்டிபோட்டு, செல்போனை நீட்டி, “பட்டாணி, இங்க பாரு” என்றார்.

அவள் பெஞ்சை விட்டாள்.

எழுந்து பிடிக்கப் போன சர்வேயரின் கை பாதியிலேயே நின்றது. ஒன்று. இரண்டு. இரண்டு கையையும் காற்றில் பிடித்துக்கொண்டு, குடிகாரன் மாதிரித் தள்ளாடி, மூன்று. நான்கு. பொத்தென்று உட்கார்ந்தாள். அழவில்லை. பின்புறத்தைத் தூக்கி, கையை ஊன்றி எழுந்தாள். ஐந்து, ஆறு, ஏழு. கடைக்காரரின் முட்டியில் போய் மோதிக்கொண்டு நின்றாள்.

ஒரு பேருந்து ஒலி எழுப்பியது. அவளுக்காகவா என்று தெரியாது.

“ஏழு” என்றார் சர்வேயர்.

“முழுசா படத்துல விழுந்திருச்சு சார்” என்றார் கடைக்காரர், செல்போனை ஆட்டி. “பெஞ்ச விட்டதுலேர்ந்து என் முட்டியில முட்டுனது வரைக்கும். நம்பர் சொல்லுங்க, இப்பவே அனுப்பறேன். ஆயிரம் ரூபா குடுத்தாலும் இது திரும்பக் கிடைக்காது.”

அவர் அதைத் திரும்ப ஓடவிட்டுக் காட்டினார். சர்வேயர் பார்த்தார். குழந்தைக்குப் பின்னால் பேருந்து, பேருந்தின் நெற்றியில் கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயர், கடைப் பலகை, அதிலும் ஊர்ப் பெயர், ஓரத்தில் தன் பாதி முகம். அவர் பூட்டிவைத்த எல்லாம் அந்த உள்ளங்கை அகலத்துக்குள் பப்பரப்பே என்று கிடந்தது. இந்த ஆள் இதை நாலு பேருக்கு அனுப்புவான். நாலு பேர் நாற்பது பேருக்கு. யாரோ ஒருவருக்கு யாரோ ஒருவரைத் தெரிந்திருக்கும்.

“அழிச்சிடுங்க” என்றார்.

“என்ன சார்?”

“எங்க வீட்டுப் பிள்ளைய என்னைக் கேக்காம எடுக்கக் கூடாது. அழிச்சிடுங்க.”

கடைக்காரர் விளையாட்டு என்று நினைத்து ஒருமுறை சிரித்தார். அப்புறம் சிரிப்பு இறங்கியது. விரலால் அழுத்தினார். சர்வேயர் விடவில்லை. “குப்பைத்தொட்டின்னு ஒண்ணு இருக்குமே. அதுலேர்ந்தும்” என்றார். அதிலிருந்தும் போனது. அவர் நின்று பார்த்து, உறுதிசெய்துகொண்டு, பட்டாணியைத் தூக்கிக்கொண்டார்.

“பன் வேணாமா சார்” என்று கடைக்காரர் கேட்டார். கேலி இல்லாத வெறும் குரல். ‘ஒரு மாசம்’ என்று சொல்லவில்லை.

ஏழு மணிக்கு மகள் வந்தாள். சர்வேயர் அவள் செருப்பைக் கழற்றும்வரைகூடக் காத்திருக்க முடியாமல், “நடந்துட்டா” என்றார்.

அவள் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றாள். “நிஜமாவா? எங்க? எத்தனை அடி?”

“ஏழு. ரொட்டிக்கடை வாசல்ல.”

“படம் எடுத்தீங்களா?”

“இல்ல. கடைக்காரர் எடுத்தார்.”

“அனுப்பச் சொல்லுங்கப்பா. இப்பவே. போன் பண்ணுங்க.”

சர்வேயர் குனிந்து, தரையில் கிடந்த ஒரு மரக்கட்டை பொம்மையை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். “அழிக்கச் சொல்லிட்டேன்” என்றார். “ஊர்ப் பேரெல்லாம் தெரிஞ்சுது.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. அவள் மெதுவாக இன்னொரு செருப்பையும் கழற்றினாள். பட்டாணியைத் தூக்கிக்கொண்டு அதன் பாதத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“நாள் முழுக்க அடுத்தவங்க கண்ணைத்தான் பாக்கறேன்ப்பா” என்றாள். “இவங்களுக்குத் தூரம் தெரியலை, அவங்களுக்குக் கிட்ட தெரியலைன்னு. என் பொண்ணு நடந்ததை நான் பாக்கலை. எடுத்த படத்தையும் நீங்க விட்டுவைக்கலை.” குழந்தையின் பாதத்தை விடாமலே, “அந்தச் சுவத்துக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்லையாப்பா இந்த வீட்டுல” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அந்த வீட்டில் அன்று மூன்று பேர் சாப்பிட்டார்கள், ஒருவரோடு ஒருவர் பேசாமல். பட்டாணி மட்டும் தட்டைத் தட்டித் தாளம் போட்டாள்.

இன்னொரு முறை நடக்கவைத்துப் படம் பிடித்துவிடலாம், மகளுக்கும் ஆயிற்று, உறவுக்கும் ஆயிற்று என்று சர்வேயர் கணக்குப் போட்டார். மறுநாள், அதற்கு மறுநாள், வெள்ளி, சனி. திரைக்கு முன்னால் நிறுத்தினார். சாவிக்கொத்தைக் காட்டினார். பன்னைக் காட்டினார், அதை வேறு கடையில் வாங்கவேண்டியிருந்தது. பேருந்து மாதிரி வாயால் ஒலி எழுப்பினார். அறுபத்தேழு வயதில், யாரும் பார்க்காத ஒரு வாடகை வீட்டில், நிமிர்ந்த முதுகோடு நின்று பேருந்து மாதிரிக் கத்தினார். பட்டாணி திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. திரையைக் கண்டால் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் நிற்க வேண்டும், அசையக் கூடாது என்று ஐந்து மாதமாக அவர்தானே பழக்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வேறு வழியில்லாமல், நின்ற கோலத்திலேயே ஒரு படம் எடுத்து, “நடக்க ஆரம்பித்துவிட்டாள்” என்று எழுதிக் குழுவுக்கு அனுப்பினார். கட்டைவிரல்கள் வந்தன.

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. அக்கா.

“எந்த ஊர்லடா இருக்கே?”

“வீட்லதான்க்கா. நம்ம வீட்ல. ஏன்?”

“திரை நம்ம வீட்டுத் திரைதான். அதை இல்லைன்னு சொல்லலை. அது எந்த ஜன்னல்ல இருந்துது?”

“கூடத்து ஜன்னல்.”

“அது எந்தப் பக்கம்?”

“கிழக்கு” என்றார்.

“நான் பொறந்து வளர்ந்த வீடுடா அது. காலைல எட்டு மணிக்கு வெயில் அந்தத் திரைக்குப் பின்னாலேர்ந்து வரணும். இலையெல்லாம் விளக்குப் போட்ட மாதிரி எரியும். முன்னால நிக்கற ஆளு முகம் கறுப்பாத்தான் தெரியும். உன் படத்துல வெயில் பொடிசு மூஞ்சியில அடிக்குது, கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிக்குது. திரை செத்துக் கிடக்கு. சூரியனை எப்படா மேற்குக்கு மாத்தினே?”

அவர் திரும்பிப் பார்த்தார். பால்கனிக் கதவு கிழக்கே. திரை மேற்குச் சுவரில். முப்பத்துநான்கு வருஷத்தில் வரைந்த ஒரு படத்திலும் வடக்கு அம்பு போடாமல் கையெழுத்துப் போட்டதில்லை அவர். தரையை மறைத்தார், கொக்கியை மறைத்தார். திசையை மறைக்கத் தோன்றவில்லை.

“எப்பத் தெரியும் உனக்கு?” என்று கேட்டார்.

“முதல் பல்லுலேயே.”

“நாலு மாசமா ஒண்ணும் கேக்கலையே நீ.”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன்” என்றாள் அக்கா. “குடும்ப மானம் உனக்கு மட்டும் குத்தகைக்கு விட்டிருக்கா? எனக்கும் பங்கு உண்டு. ஊருக்கு மறைச்சே, சரி. நானும் மறைச்சிருப்பேன். என்கிட்ட மறைச்சே பாரு.” பிறகு, “நடந்துச்சா, அதுவும் புளுகா?” என்றாள்.

“நடந்தா. சத்தியமா நடந்தாக்கா. ஏழு அடி.”

“அதை எனக்குக் காட்டு, பாப்போம்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் சர்வேயர் பெட்டியின் அடியிலிருந்து தன் பழைய அளவு டேப்பையும் திசைகாட்டியையும் எடுத்தார். பட்டாணியை மகளிடம் விட்டுவிட்டுத் தனியாக ரொட்டிக்கடைக்குப் போனார். ஐந்து நாள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர் போய் நின்றதும் கடைக்காரர் கண்ணாடி அலமாரியைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

மன்னிப்பு என்ற சொல் சர்வேயரின் வாயில் எளிதில் வராது. வராததைப் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தவர். “அன்னிக்கு நான் பேசினது தப்பு” என்றார். “உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. எங்க வீட்டு விஷயம் ஒண்ணு. அதுக்கு உங்களை நோகடிச்சேன்.”

கடைக்காரர் துணியைத் தோளில் போட்டார். “படம் போனது போனதுதான் சார். நானும் தேடிப் பாத்தேன்.”

“தெரியும். அது வேணாம். இந்த நுனியைக் கொஞ்சம் பிடிக்கறீங்களா?”

நடைபாதை முழுக்க முப்பது சென்டிமீட்டர் சதுரக் கற்கள் பதித்திருந்தார்கள். மூன்றாவது கல்லில் குறுக்கே ஒரு விரிசல். அந்த ஏழு அடியும் எந்தக் கல்லில் விழுந்தது என்று அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். கண் அளவு அவருக்குப் பொய் சொன்னதே இல்லை. முட்டிபோட்டு உட்கார்ந்தார். கடைக்காரர் ஒரு நுனியைப் பெஞ்சுக் காலில் வைத்துப் பிடித்தார். பேருந்துக்கு நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருவர், “நடைபாதையத் தோண்டப் போறாங்களா?” என்று கேட்டார்.

“ஆமா, ஒரு மாசத்துல” என்றார் கடைக்காரர்.

சர்வேயர் சிரித்துவிட்டார். அந்த ஊரில் முதல்முறை.

“நாலாவது இங்க இல்ல சார்” என்று கடைக்காரர் குனிந்து ஒரு இடத்தைக் காட்டினார். “இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். உக்காந்தது விரிசல் மேல. நான் எதிர்லேர்ந்து பாத்தேன்ல?”

சர்வேயர் யோசித்தார். ஒரு அளவை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

திங்கட்கிழமை பட்டாணி தூங்குகிற அந்த நெடிய மத்தியானத்தில், செய்தித்தாளைப் பிரிக்காமல், சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத்தாளை நான்கு மூலையும் டம்ளர் வைத்து விரித்தார். வலது மேல் மூலையில் வடக்கு அம்பு. கீழே அளவுகோல். பெஞ்சு, கடைப்படி, பேருந்துக் கம்பம், நடைபாதையின் விளிம்பு. கற்களை ஒவ்வொன்றாகக் கட்டம் போட்டார். அதன்மேல் ஏழு சிறிய பாதங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே தூரம்: பதினெட்டு, பதினேழு, இருபத்திரண்டு சென்டிமீட்டர் என்று. தலைப்பில் நாள், கிழமை, நேரம், தெரு, ஊர். ஊரின் பெயரைத் தெளிவாக, முழுசாக எழுதினார். கீழே, அரசாங்கப் படத்துக்குப் போடுவதுபோலவே கையெழுத்துப் போட்டார். ‘அளந்தவர்’ என்ற இடத்தில் தன் பெயர். ‘உடனிருந்தவர்’ என்ற இடத்தில் ரொட்டிக்கடைக்காரர்.

மகள் வந்து, கை கழுவி, மேசையருகே நின்று அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலை முதல் பாதத்தில் வைத்தாள். இரண்டாவதில் வைத்தாள். நாலாவதுக்குப் பிறகு விரல் நின்றது.

“இந்த வட்டம் என்னப்பா?”

“அங்கதான் உக்காந்துட்டா.”

“அழுதாளா?”

“இல்ல. தானா எழுந்தா.”

அவள் தலையாட்டினாள். விரல் ஐந்து, ஆறு, ஏழு என்று போய்க் கடைக்காரரின் முட்டியைத் தொட்டு நின்றது. கண்ணில் நீர் தளும்பியது, ஆனால் அவள் அதைத் துடைக்கவில்லை; தாளில் விழாமல் முகத்தை மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

சர்வேயர் அந்தத் தாளைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினார். குழுவுக்கு அல்ல, அவளுக்கு மட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிட முடியாது. அதில் தப்பும் இல்லை. இரண்டு நீலக் கோடு விழுந்தது. நேரம் போனது. அவர் சுவரிலிருந்து திரையைக் கழற்றி மடித்தார். கொக்கிகள் இரண்டும் சுவரிலேயே நின்றன.

போன் ஒலித்தபோது அக்கா எழுதிய பதில் வந்திருந்தது. ஐந்து மாதத்தில் முதல்முறை.

“வடக்கு சரியாக இருக்கிறது. கடையிலிருந்து வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று போடவில்லையே.”

சர்வேயர் மறுபடி பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். நடைபாதையின் விளிம்பிலிருந்து ஒரு கோட்டை இழுத்து, தெருமுனையில் வளைத்து, தாளின் ஓரம்வரை கொண்டுபோனார். தாள் போதவில்லை. இன்னொரு தாளை அடியில் ஒட்டி, அதில் ஒரு சதுரம் போட்டு, பக்கத்தில் “இரண்டாம் மாடி, இடது கதவு” என்று எழுதினார்.